தெர்மோஸ்டாட்: வெப்பநிலையாளி எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டொராண்டோவுக்குப் புதிதாக வந்து வீடு வாங்கும் நம் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டின் சூட்டையும் குளிரையும் நாம் குறித்த அளவில் வைக்கும் சுவர்ப் பெட்டிதான் தெர்மோஸ்டாட். அதில் எதை வாங்குவது, வாங்கும் முன் எதைப் பார்ப்பது என்பதுதான் கையேட்டின் பொருள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் சொல்லில் இடறி நின்றுவிட்டேன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் உங்களிடம் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் வரைவில் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

> வெப்பச் சீராக்கி என்றே சொல்லலாமே. ரெகுலேட்டருக்குச் சீராக்கி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அதனால்தான் எனக்கு இடிக்கிறது. போன ஜனவரியில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். வெளியே மைனஸ் 18. காலையில் எழுந்ததும் ஹால் சுவர்த் தெர்மோஸ்டாட்டில் 20 என்று இருந்ததை 29 ஆக்கிவிட்டார். "குளிருதுடா, கொஞ்சம் கூட்டி வச்சேன்" என்றார். ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பிப் பழகிய கை அது. கூட்டினால் அதிகமாக வரும், சீக்கிரம் வரும் என்ற நினைப்பு. ஆனால் எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் (உலை) ஒரே அளவில்தான் எரியும். 21 என்று வைத்தாலும் 29 என்று வைத்தாலும் தரைத் துளைகளில் வரும் காற்றின் சூடு ஒன்றுதான். எரியும் நேரம் மட்டும் நீளும். மதியத்துக்குள் அம்மாவே புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அதை ரெகுலேட்டர் என்று நினைக்கும் யாரும் அதைத்தான் செய்வார்கள். உண்மையில் அது ஒரு சுவிட்ச். அறை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஃபர்னஸை எரியச் சொல்லும், அந்த அளவைத் தொட்டதும் போதும் என்று சொல்லும். தேவைக்கேற்ப வேகம் மாற்றும் ஃபர்னஸ்களும் இப்போது வந்துவிட்டன என்பது தெரியும். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இந்த 'எரி', 'போதும்' இரண்டும்தான். சீராக்கி என்று பெயர் வைத்தால் அம்மாவின் தவறான நினைப்பை நாமே அச்சில் ஏற்றியது போலாகும்.

> வெப்பக்காப்பி சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் வெப்பக்காப்பு என்பதைச் சுவரிலும் பரணிலும் அடைக்கும் பஞ்சுக்கு நாம் முன்பே கொடுத்துவிட்டோம். கையேட்டின் அடுத்த பகுதியே அதைப் பற்றியது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

> கிரேக்க மூலத்துக்கு நேராக வெப்பநிறுத்தி என்றால் என்ன?

மூலம் சரியே. தெர்மோஸ் என்றால் சூடானது, ஸ்டாடோஸ் என்றால் நிலையாக நிற்பது. 1830-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் ஈருலோகப் பட்டையால் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூட்டில் வளையும் பட்டை) இயங்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றபோது வைத்த பெயர் இது. ஆனால் 'நிறுத்து' என்றதும் நம் காதில் விழுவது 'வண்டியை நிறுத்து'தான். வெப்பத்தை வரவிடாமல் நிறுத்துவது என்று பொருள் போய்விடும். 'நிலைநிறுத்தி' என்று மாற்றினால் 'வெப்பநிலை நிலைநிறுத்தி' என்று வரும். அதை யார் சொல்வார்கள்?

இன்னொன்று. ஜூலையில் இங்கே 33 டிகிரி வரை போகும்போது இதே பெட்டிதான் ஏசியை ஓட்டுகிறது. ஆகவே வெறும் 'வெப்பம்' போதாது, 'வெப்பநிலை' வேண்டும். குளிரும் அதற்குள் அடங்கிவிடும்.

இனி என் பக்கம். நாங்கள் வாங்கியது பழைய வீடு. ஹாலில் ஹனிவெல் நிறுவனத்தின் வட்ட வடிவத் தெர்மோஸ்டாட் இருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1953-இல் சந்தைக்கு வந்த அந்த வகைதான். மூடியைக் கழற்றியதும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நத்தைச் சுருள் போல ஓர் ஈருலோகப் பட்டை, அதன் நுனியில் சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குமிழி, உள்ளே ஒரு சொட்டுப் பாதரசம். மூச்சுக் காற்றை ஊதினால் சுருள் மெல்ல அசைகிறது, குமிழி சாய்கிறது, பாதரசம் மறுமுனைக்கு ஓடுகிறது. கம்பி இரண்டும் சேர்ந்தால் ஃபர்னஸ் எரியும், பிரிந்தால் அணையும். அவ்வளவுதான் கருவி. (இதைக் கழற்றினால் குப்பையில் போடாதீர்கள். பாதரசம் இருப்பதால், தீங்கான கழிவுகளை வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.)

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இலேயே காப்புரிமை பெற்ற மின்கருவியும் இப்படி ஏவும் வகைதான். பள்ளிப் பணியாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து சூடு பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடிச் சரிசெய்யும் தொல்லையைத் தீர்க்க அவர் யோசித்தது, கீழே மணியடித்துச் சொல்லும் ஏற்பாடு. சூட்டை உண்டாக்குவது வேறொன்று. இது ஏவுவது மட்டும்.

இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். "எங்கட புத்தகத்தில சுவிட்சுக்கு ஆளி எண்டுதான் தம்பி இருந்தது. ஆளி திறந்திருக்கு, ஆளி மூடியிருக்கு எண்டு படம் கீறிக் குறிப்பம்" என்றார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆள்வது ஆளி. வெப்பநிலையால் இயங்கும் ஆளி, வெப்பநிலையை ஆளும் ஆளி, இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

வெப்பநிலையாளி. இதுதான் என் முன்மொழிவு.

தொழிலாளி, நோயாளி என்று '-ஆளி' ஆட்களைக் குறிக்குமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஈழத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஆளியைக் கருவியாகவே படித்து வளர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இடிக்கவில்லை. தமிழ்நாட்டில் 'ஆளி' என்று தனியாக நின்றால் ஆளி விதைதான் நினைவுக்கு வரும், வெப்பநிலையோடு சேர்ந்தால் அந்தக் குழப்பமும் இல்லை. வீட்டுக்குள் 'நிலையாளி' என்று சுருக்கிச் சொன்னாலும் புரியும்.

கூடவே இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. நாம் குறித்து வைக்கும் 20 டிகிரிக்குப் 'பதம்' என்று போட்டிருக்கிறேன். பாகுக்குப் பதம் பார்க்கிறோம், குளிக்கும் வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்கிறோம், இதுவும் அதே பார்வைதான். அப்புறம், 20 என்று வைத்தால் 19.5-இல் எரிந்து 20.5-இல் அணைவதற்குக் காரணமான அந்த இடைவெளி. அதற்குத் 'தளர்வு'. தளர்வே இல்லாவிட்டால் ஃபர்னஸ் நிமிடத்துக்கு ஒரு தரம் எரிந்து அணைந்து சீக்கிரம் கெட்டுவிடும்.

கையேட்டில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்:

"புதிய வெப்பநிலையாளி வாங்கும் முன் பழையதின் முகப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். அதற்கு முன் ஃபர்னஸின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மெல்லிய வண்ணக் கம்பிகள் ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்ற எழுத்துகளில் செருகியிருந்தால் அது 24 வோல்ட் அமைப்பு. ஆர் மின்சாரம் வரும் கம்பி, டபிள்யூ சூட்டுக்கு, ஒய் குளிருக்கு, ஜி விசிறிக்கு. சி என்ற ஐந்தாவது கம்பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வைஃபை உள்ள வெப்பநிலையாளிகள் பலவற்றுக்கு அது வேண்டும். சுவரின் அடியோரம் நீளமாக ஓடும் மின்சூடேற்றிகள் உள்ள வீடானால் அங்கே வருவது பெரும்பாலும் 240 வோல்ட். 24 வோல்ட் வெப்பநிலையாளியை அதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். குளிரும் நேரத்தில் பதத்தை 29-க்கு ஏற்றுவதால் வீடு விரைவாகச் சூடாகாது."

சத்தமாகப் படித்தபோது எங்கும் நாக்கு இடறவில்லை. ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. இங்கே குளிர்காலத்தில் காற்று வறண்டு உதடு வெடிக்கும், அதற்காக ஃபர்னஸோடு ஈரமூட்டியும் ஓடும். அதற்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதுண்டு, ஹியூமிடிஸ்டாட். 'ஈரநிலையாளி' என்று எழுதிப் பார்த்தேன், ஈரப்பதம் என்ற பழகிய சொல் அதில் விடுபடுகிறது. 'ஈரப்பதவாளி' என்றால் வாளி தனியாகக் காதில் விழுகிறது. 'ஈரப்பத ஆளி' என்று பிரித்து எழுதுவது முறைதானா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் அதையும் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்