நறுமண மெழுகுதிரிக்குப் பொருத்தமான திரி: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் நான், சில மாதங்களாக வீட்டிலேயே சோயா மெழுகை உருக்கி, 8 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள கண்ணாடிப் போத்தல்களில் கறுவா வாசனை மெழுகுதிரிகளை வார்த்து வருகிறேன். மெழுகின் எடையில் 6 சதவீதம் வாசனை எண்ணெய் சேர்க்கிறேன்.

புறக்கோட்டையில் வாங்கிய மெல்லிய பருத்தித் திரியை இட்டபோது, நான்கு மணித்தியாலம் எரிந்த பின்னரும் சுடரைச் சுற்றி ஒரு குழி மட்டுமே உருகி, ஓரத்தில் விரற்கடை அளவு மெழுகு சுவர்போல உறைந்தே நின்றது. தடித்த திரிக்கு மாறினேன். மெழுகு ஓரம்வரை உருகியது, ஆனால் திரியின் நுனியில் காளான்போலக் கரி திரண்டு, போத்தலின் வாய் கறுத்து, கண்ணாடி தொட முடியாதபடி சுட்டது. வார்த்து இரண்டு வாரம் கழித்தே, திரியை 6 மில்லிமீற்றருக்கு நறுக்கி, கடற்காற்றுப் படாமல் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோதிக்கிறேன். வாசனை சேர்க்காத போத்தலில் அதே மெல்லிய திரி ஒழுங்காக எரிந்ததால், எண்ணெய்தான் திரியை அடைத்து, உருகிய மெழுகு மேலேறுவதைத் தடுக்கிறது என ஐயுறுகிறேன்.

இரண்டு மெல்லிய திரிகளை இடைவெளி விட்டு வைப்பதா, மரத்திரிக்கு மாறுவதா, எண்ணெயைக் குறைப்பதா? நத்தாருக்குப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இவற்றைக் கொடுக்க எண்ணியிருப்பதால், கண்ணாடி சூடேறுவதே என் பெருங்கவலை. அளவு குறிக்கப்பட்ட, உலோக அடித்தகடுள்ள திரிகள் கொழும்பில் சில்லறையாகக் கிடைக்கும் இடத்தையும் தெரிந்தவர்கள் அறியத்தந்தால் நன்றியுடையவளாவேன்.