பொருள்: ‘காண்டாக்ட்லெஸ்’, ‘டீட்யூனிங்’ – சொல் வேண்டும், வெள்ளி மாலைக்குள்

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அட்டை படிக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். பேருந்துச் சீட்டுக் கருவி, கடையில் கார்டு தேய்க்கும் மெஷின், கடவுச்சீட்டுப் படிப்பான் மூன்றுக்கும் ஒரே கையேடு. கூடவே திரையில் வரும் பிழைச்செய்திகளும் உண்டு. வரிக்கு 20 எழுத்து, இரண்டே வரி. வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும்.

‘காண்டாக்ட்லெஸ்’ (செருகாமல், தேய்க்காமல், அருகில் காட்டினாலே படிக்கும் அட்டை) என்பதற்கு முந்தைய பதிப்பில் ‘தொடர்பற்ற’ என்று இருக்கிறது. தொடர்பற்ற அட்டை என்றால் சம்பந்தமில்லாத அட்டையை நீட்டிவிட்டார் என்றுதான் யாரும் படிப்பார்கள். ‘டீட்யூனிங்’ என்பதை யாரும் தொடவே இல்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். ‘ரீட் ஃபெயிலியர்’ எல்லா இடத்திலும் ‘வாசிப்புத் தோல்வி’. இது போதுமா?

இரா. எழுதியது:

‘தொடா அட்டை’ என்பதே சரி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘தொடாத அட்டை’ என்று நீட்ட வேண்டியதில்லை. வல்லினம் வந்தால் மிகும்: தொடாச் சில்லு (சில்லு என்பது ‘சிப்’). அட்டை உயிரில் தொடங்குவதால் மிகைக்கு வேலையில்லை. ‘தீண்டா அட்டை’ என்று யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்தச் சொல் நம் ஊரில் சுமக்கும் சுமை போதும், அதை எந்தக் கருவியிலும் எழுத வேண்டாம்.

செ. (ஈப்போ) எழுதியது:

இரா. ஐயா, ‘தொடா அட்டை’ என்றதும் எனக்கு ரப்பர் தோட்டத்து அட்டைதான் நினைவுக்கு வருகிறது. அது தொடாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

சில்லு வைத்த கடவுச்சீட்டை உலகில் முதலில் கொடுத்த நாடு மலேசியா, 1998இல். ஆனாலும் இங்கே தமிழ்ப் பேச்சில் அது பாஸ்போர்ட்தான். புரிகிற சொல்லை எடுத்துவிட்டுப் புதுச்சொல் வைத்தால் பழுது இரண்டாகும்: கருவியில் ஒன்று, கையேட்டில் ஒன்று.

த. எழுதியது:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். அட்டைக்குள் மின்கலம் கிடையாது. படிப்பான் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அட்டையின் ஓரமாகச் சில சுற்று ஓடும் கம்பிச்சுருளில் அது மின்சாரத்தைத் தூண்ட, சில்லு விழித்துக்கொள்கிறது. இவ்வகை அட்டைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 14443இன்படி அந்தப் புலம் மீட்டருக்கு 1.5 முதல் 7.5 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். சில்லு பதில் சொல்ல ரேடியோ எதையும் அனுப்புவதில்லை; தான் இழுக்கும் சுமையை 847.5 கிலோஹெர்ட்ஸில் ஏற்றி இறக்குகிறது, அந்தச் சிறு அசைவைப் படிப்பான் தன் சுருளிலேயே உணர்கிறது. பணம் செலுத்தும் கருவிகளில் இது நடக்கும் தூரம் சுமார் 4 செ.மீ. புலக்கோடுகள் சுருளைக் குறுக்காகத் துளைக்க வேண்டும். அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தால் எவ்வளவு அருகில் இருந்தாலும் சில்லுக்கு ஒன்றும் கிடைக்காது.

சுருளும் சில்லுக்குள் இருக்கும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வுச் சுற்று, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் வலுவாக இசையும் சுற்று. அதன் அதிர்வெண் இடம் மாறினால் அதுதான் டீட்யூனிங்.

சு. எழுதியது:

அப்படியானால் ‘சுருதி இறக்கம்’ என்று போடலாமே? நாதசுரம் கேட்ட எவருக்கும் விளக்கமே வேண்டாம்.

இரா. எழுதியது:

சுருதி வடசொல்.

த. எழுதியது:

சுருதியை விட்டுவிடுவோம், ‘இறக்கம்’ தவறு. ஒரு பணப்பையில் இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு இருந்தால் சுருள்கள் ஒன்றையொன்று பாதித்து, வேலைக்கு வரும் அதிர்வெண் கீழே இறங்கும். இது தெரிந்துதான் பல அட்டைகளை 13.56க்குச் சற்று மேலேயே இசைத்துத் தயாரிக்கிறார்கள். ஆனால் பின்னால் உலோகம் இருந்தால் நடப்பது நேர்மாறு: உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து புலத்தை எதிர்க்கும், சுருளின் தூண்டல்திறன் குறையும், அதிர்வெண் மேலே போகும். ஃபெரைட் தகடு (காந்தப்புலத்தைத் தன்வழியே இழுத்துக்கொள்ளும் பொருள்) வைத்தால் தூண்டல்திறன் கூடி மறுபடி இறங்கும். ஆகவே ஏற்றமா இறக்கமா என்று சொல்லாத சொல் வேண்டும்.

யோ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட பாடப்புத்தகங்களில் நீங்கள் ‘ஒத்ததிர்வு’ என்பதை ‘பரிவு’ என்றுதான் படித்தோம். ‘பரிவு விலகல்’ என்றால் ஏழெட்டு எழுத்துக்குள் முடிந்துவிடும். திரையில் இடமில்லை என்று ம. சொல்கிறார். சின்னச் சொல் இருக்க ஏன் தேடுவான்?

சு. எழுதியது:

‘அட்டையில் பரிவு குறைவு’ என்று கையேட்டில் வந்தால் சென்னையில் ஒருவரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார்கள். யாருக்கு யார்மேல் பரிவு என்றுதான் கேட்பார்கள்.

யோ. எழுதியது:

நீங்கள் ‘மின்தேக்கி’ என்கிறதை நாங்கள் ‘கொள்ளளவி’ என்கிறோம். அதுவும் முதலில் கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். பழகினால் சரி.

இரா. எழுதியது:

வேர்ப்பக்கம் கொஞ்சம் போகலாம். தொடு என்னும் வினை தீண்டுதலை மட்டும் குறிப்பதில்லை. தோண்டுதலும் தொடுதல், மாலை கட்டுவது தொடுத்தல், அம்பு எய்வதும் தொடுத்தல். தொடர், தொடர்பு, தொடுப்பு, தொடை எல்லாம் இந்தக் கொடியின் காய்கள். கையில் அணியும் வளைக்குத் தொடி என்று பெயர். தொடு, தொடி இரண்டும் ஒரு வேர் என்பது என் கட்சி. இப்போது பாருங்கள்: த. சொன்ன கம்பிச்சுருள் வளையம்தானே? அதைத் ‘தொடி’ என்று அழைத்தால் ‘தொடிச்சில்லு’ பிறக்கும். தொடாமல் பேசும் சில்லுக்குத் தொடுவிலிருந்தே பெயர். ஆன்டெனாவை அலைவாங்கி, உணர்கொம்பு என்றெல்லாம் சொல்லும் தொல்லையும் ஒழியும். அட்டைக்குள் கொம்பு ஏது?

செ. எழுதியது:

ஐயா, தொடி ஒரு நிறையளவும்கூட. கடவுச்சீட்டை எடை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கா. எழுதியது:

வெள்ளி நெருங்குகிறது. நான் சொல்வது மூன்றாவது சொல்லைப் பற்றி. உண்மையில் தலைவலி அங்கேதான். ‘வாசிப்புத் தோல்வி’ என்ற ஒரே போர்வைக்குள் குறைந்தது நாலு வேறு பழுதுகள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் நிற்பவர் செய்ய வேண்டியது வேறு.

கடவுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லு பூட்டியிருக்கிறது. பழைய முறையில் அதன் திறவுகோல் தகவல் பக்கத்தின் அடியில் இருக்கும் 44 எழுத்துள்ள இரண்டு வரியில்தான் இருக்கிறது: ஆவண எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி, ஒவ்வொன்றின் சரிபார்ப்பு இலக்கமும் சேர்த்து 24 எழுத்து. படிப்பான் முதலில் அந்த வரியைக் கேமராவால் படித்துத் திறவுகோல் செய்து, அதற்குப் பிறகுதான் சில்லோடு பேசும். மேலே பிளாஸ்டிக் உறை பளபளத்தாலோ, வரியில் மை தேய்ந்திருந்தாலோ திறவுகோல் பிறக்காது. சில்லு நன்றாகத்தான் இருக்கும், திரையோ ‘வாசிப்புத் தோல்வி’ என்னும். ஆங்கில எழுத்து ‘ஓ’வைப் பூச்சியம் என்று கேமரா எடுத்துக்கொண்டால் சரிபார்ப்பு இலக்கம் (7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டுவது) காட்டிக்கொடுத்துவிடும். செல்பேசிச் செயலியில் கையால் பழைய கடவுச்சீட்டின் எண்ணையும் தேதியையும் பிசகில்லாமல் அடித்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. திறக்காமலே உள்ளே படிக்கப் போனால் சில்லு 6982 (அனுமதி இல்லை என்னும் குறியெண்) என்று விடை தரும். அந்த விடை வந்தால் சுருள், சில்லு, புலம் மூன்றும் சரி, சாவிதான் தவறு. இதை எப்படி ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் அடைப்பீர்கள்?

இன்னொன்று, சில்லிலிருந்து எல்லாம் வந்துவிடும். ஆனால் அதில் கையொப்பமிட்ட நாட்டின் சான்றிதழ் படிப்பானிடம் இருக்காது. படித்தாயிற்று, நம்பவில்லை. இதற்கும் அதே செய்தி வந்தால் அநியாயம்.

சு. எழுதியது:

கா. சொல்வதை ஆமோதிக்கிறேன். கடைக் கருவியிலும் இதே கூத்து. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டை புலத்துக்குள் வந்தால் கருவி தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நிறுத்தத்தான் வேண்டும். அது பழுதே இல்லை, ஒழுங்கு. இந்தியாவில் 5000 ரூபாய்க்கு மேல் போனால் ரகசிய எண் (பின்) கேட்கும் (2021 சனவரிக்கு முன் 2000). புது அட்டையில் தொடாமல் பணம் செலுத்தும் வசதி முடக்கப்பட்டே வரும், வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். மெட்ரோ, பேருந்து அட்டைகளில் இணையவழியாகப் போட்ட பணம் வங்கிக் கணக்கேட்டில் இருக்கும், சில்லில் எழுதப்பட்டிருக்காது. நிலையத்துக் கருவியில் ஒருமுறை வைத்து இருப்பைப் புதுப்பித்தால்தான் கதவு திறக்கும். இவை எதற்கும் சுருளோடு சம்பந்தமில்லை.

கம்பியே போன கேஸ் வேறு மாதிரி தெரியும். அதே அட்டையைச் செருகினால் வேலை செய்யும், மேலே வைத்தால் செய்யாது. அப்படியென்றால் சில்லு உயிரோடு, சுருள் அறுந்திருக்கிறது, அல்லது சில்லும் சுருளும் சேரும் பற்றவைப்பு விட்டிருக்கிறது. பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தே பாதி அட்டைகள் சாகின்றன. அடையாள அட்டையில் கழுத்துக்கயிறு மாட்ட ஓட்டை போட்டால் ஓரத்தில் ஓடும் சுருள் அறுந்துவிடும். கடவுச்சீட்டில் ஸ்டேப்ளர் அடிப்பதும் அப்படித்தான். காந்தம் பட்டுச் சில்லு கெட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், காந்தம் கெடுப்பது பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டையை.

பழுது பார்க்கிறவருக்கு வரிசை: அட்டையைப் பையிலிருந்து வெளியே எடு. தட்டையாக வை. நல்லதென்று தெரிந்த வேறொரு அட்டையை அதே கருவியில் வைத்துப் பார். அது படித்தால் முதல் அட்டைமேல் சந்தேகம், அதை என்.எஃப்.சி. (இவ்வகைச் சில்லைப் படிக்கும் வசதி) உள்ள செல்பேசியில் காட்டிப் பார். நல்ல அட்டையும் படிக்காவிட்டால் கருவி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார். எவர்சில்வர் மேசை என்றால் இடையில் ஃபெரைட் தகடு போட்டு, அதன் பிறகு படிப்பானின் இசைவை மறுபடி சரிசெய்ய வேண்டும். தகடு மட்டும் போட்டுவிட்டுப் போனால் பாதி வேலை.

த. எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். கடவுச்சீட்டில் சில்லு எங்கே என்பது நாட்டுக்கு நாடு வேறு: முன்னட்டை, பின்னட்டை, தகவல் பக்கம். அமெரிக்க ஏட்டின் அட்டையில் உலோகத் திரை உண்டு, மூடி வைத்தால் படிக்காது. இந்தியாவிலும் சில்லுள்ள ஏடு வரத் தொடங்கிவிட்டது, சென்னையில் 2025 மார்ச்சில். அட்டையில் பொன்னிற அடையாளம் இருந்தால்தான் உள்ளே சில்லு. அது இல்லாத பழைய ஏட்டை வைத்துவிட்டுக் கருவியைத் திட்டுவதும் நடக்கும்.

கா. எழுதியது:

அட்டையைக் கருவியில் காட்டச் சொல்லும் ‘டேப்’ (tap) என்பதற்கு ம. என்ன வைத்திருக்கிறார்? ‘தட்டவும்’ என்றால் கடுமையாக எதிர்க்கிறேன். தட்டு என்றால் ஆள் கதவைத் தட்டுவதுபோல் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார். பண அட்டைக்கே அரை நொடி வேண்டும்; பாதியில் எடுத்தால் பணம் போனதா இல்லையா என்று தெரியாத அறுந்த பரிவர்த்தனை ஆகிறது. கடவுச்சீட்டின் முகப்படம் 15, 20 கிலோபைட். நொடிக்கு 106 கிலோபிட் வேகத்தில், மறையாக்கச் சுமையோடு, சில நொடி ஆகும். ‘தட்டவும்’ என்ற சொல்லே ஒரு பழுதுக் காரணம். ‘வைத்திருக்கவும்’ என்று போடுங்கள்.

இரா. எழுதியது:

தொடா அட்டை என்று பெயரிட்டு ‘தொடவும்’ என்று எழுதும் கேவலத்திலிருந்தும் தப்பலாம். வைக்கவும், நன்று. அகலாமலும் அணுகாமலும் இருந்தால் போதுமே.

ம. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை போவது இது: காண்டாக்ட்லெஸ் = தொடா (தொடா அட்டை, தொடாச் சில்லு); செ. அண்ணனின் அட்டைக்கடி குறித்துக்கொள்ளப்பட்டது. டீட்யூனிங் = ‘இசைவு விலகல்’, மூன்று பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள், எவருக்கும் பெரிய ஆசை இல்லை, எதிர்ப்பும் இல்லை. கையேட்டின் முதல் இடத்தில் மட்டும் டீட்யூனிங் என்றும் எழுதிவிடுகிறேன். ‘வாசிப்புத் தோல்வி’ போயிற்று. திரையில் ‘ஒரு அட்டை மட்டும்’, ‘எடுக்காமல் வைக்கவும்’, ‘அடிவரி தெரியவில்லை’, ‘சான்றிதழ் இல்லை’, ‘அட்டை பேசவில்லை’ என ஐந்து தனிச் செய்திகள்.

இரா. எழுதியது:

‘ஓர் அட்டை’.

ம. எழுதியது:

திருத்திவிட்டேன்.

யோ. எழுதியது:

‘இசைவு’ சம்மதத்தையும் குறிக்கும். ‘பரிவு’ என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது. என் மாற்றுக்கருத்தைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பதிப்பு வரும்போது மாற்றியே ஆக வேண்டும்.

இரா. எழுதியது:

தொடி என்னவாயிற்று?

மட்டுறுத்துநர்:

தொடி பற்றித் தனி இழை தொடங்கவும். தலைப்பை மாற்ற மறக்க வேண்டாம்.