டாட்சி அடியில் களியாகிவிடுகிறது, எங்கே தப்பு?

லெஷ் ஆற்றங்கரை:

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில், பவேரியா மாநிலத்து ஆக்ஸ்பர்க் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் இங்கே எந்த பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்த்தாலும் ஸ்வெட்ஷ்கன்டாட்சிதான், அதாவது மாவின் மேல் பிளம்ஸ் வகைப் பழத்தை அடுக்கிச் சுடுகிற தட்டையான கேக், அதன் மேல் நாலு குளவியும் சுற்றிக்கொண்டிருக்கும். ஊருக்கே டாட்சிபுர்க் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். போன வருடம் கீழ்வீட்டுப் பாட்டி அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக, பட்டை வாசனையோடு. அதற்கப்புறம் என் மகள் கடை டாட்சியைத் தொடுவதில்லை.

இந்த வாரம் நானே செய்து பார்த்தேன். ஈஸ்ட் போட்ட மாவு நன்றாகத்தான் உப்பி வந்தது. பழத்தை அடுக்கி, மேலே தாராளமாகச் சர்க்கரை தூவி ஓவனில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ட்ரே முழுக்கச் சாறு, அடிமாவு வேகாமல் களி மாதிரி ஒட்டுகிறது. பழம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, ஃப்ளவ்மன் என்று எழுதியிருந்தது, உருண்டையாக, கருஞ்சிவப்பாக இருந்தது. இரண்டு வாரத்தில் மகளின் பள்ளி விழா, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கேக் கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பாடன் பக்கம்:

பழம்தான் தப்பு. கடையில் எல்லாவற்றையும் பிளம்ஸ் என்றே நாம் பார்க்கிறோம், ஆனால் உருண்டையாக இருக்கிற ஃப்ளவ்மன் வேறு, ஸ்வெட்ஷ்கன் வேறு. முதலாவதில் நீர் அதிகம், சூட்டில் கரைந்து கூழாகிவிடும். ஸ்வெட்ஷ்கன் நீள்வட்டமாக, இரண்டு முனையும் குறுகி, கருநீலமாக இருக்கும். பன்னீர் திராட்சை மேல் இருக்குமே ஒரு வெள்ளைப் பூச்சு, அது இதிலும் இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும். உள்ளே மஞ்சள் சதை, கொட்டை ஒட்டாமல் தனியாக வந்துவிடும். நாங்கள் இருப்பது பாடன் பகுதியில் பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில், இங்கே ஆகஸ்டிலேயே பூலர் என்ற முன்பருவ ரகம் வந்துவிடும், செப்டம்பரில் இந்தப் பழத்துக்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். ஆனால் டாட்சிக்கு என்றால் செப்டம்பரில் பழுக்கிற ஹவுஸ்ஸ்வெட்ஷ்கன் கிடைக்கும்வரை பொறுங்கள். காம்புப் பக்கம் தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன், நீர் குறைந்து இனிப்பு ஏறியிருக்கும். வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள், அந்தப் பூச்சு போனால் பழம் சீக்கிரம் வாடும்.

பழைய கை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து 35 வருடத்துக்கு மேல், அதில் பாதிக் காலம் ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் விடியற்காலை வேலை. பழத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் சீனியை முன்னாலேயே போட்டதும் தப்பு. சீனி பட்டவுடன் பழம் தண்ணீர் விடும், அது நேரே மாவுக்குள் இறங்கும். சீனியும் கறுவாத்தூளும் (பட்டைத்தூள்) கலந்து வைத்து, வெளியே எடுத்த பிறகுதான் தூவ வேண்டும்.

ஒரு பெரிய தட்டுக்குக் கோதுமை மா 500 கிராம், இளஞ்சூட்டுப் பால் 200 மில்லி (இறுகினால் இன்னும் கொஞ்சம்), கடையில் விற்கிற 42 கிராம் ஈஸ்ட் கட்டியில் பாதி, சீனி 80, பட்டர் 80, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பழம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மாவை மெல்லியதாகத் தட்டில் விரித்து, அதன்மேல் ரவையோ பாண்தூளோ (ரொட்டித்தூள்) ஒரு கைப்பிடி தூவுங்கள், சாற்றை அது குடித்துக்கொள்ளும். பழத்தை ஒரு பக்கமாகக் கீறிப் புத்தகம் மாதிரி விரித்துக் கொட்டையை எடுங்கள், இரண்டு பாதியும் ஒட்டியே இருக்கட்டும். மேல் நுனிகளில் சின்னதாக ஒரு வெட்டு. வெட்டிய பக்கம் மேலே பார்க்க, ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, இடைவெளி இல்லாமல் மாவுக்குள் அழுத்தி அடுக்குங்கள். டாட்சி என்ற பேரே அழுத்துவது என்ற பவேரியப் பேச்சில் இருந்து வந்தது என்று எங்கள் தலைமைப் பேக்கர் சொல்வார். 200 டிகிரி, ஓவனின் கீழ்த்தட்டில், 30 முதல் 40 நிமிடம். அடி சிவந்ததா என்று கத்தியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஃபால்ஸ் அண்ணன்:

அய்யா சொன்னது அத்தனையும் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஈஸ்ட் மாவு அன்றைக்குத்தான் நன்றாக இருக்கும், மறுநாள் வறண்டுவிடும். முந்தின இரவே செய்வதானால் பட்டர் கூடப் போட்ட பிஸ்கட் மாவு பத்திரம். மேலே ஸ்ட்ராய்சல், அதாவது மாவும் பட்டரும் சர்க்கரையும் பிசைந்த உதிரி, உதிர்த்துப் போட்டால் குழந்தைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அப்புறம், ஜெர்மனியின் தென்மேற்கே எங்கள் ஃபால்ஸ் பக்கம் இதை உருளைக்கிழங்கு சூப்போடு மத்தியானச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். ஒரு வாய் சூப், ஒரு கடி கேக். கேட்டால் முகம் சுளிப்பீர்கள், நானும் சுளித்தேன், இப்போது செப்டம்பர் வந்தால் வீட்டில் அதுதான் கேட்கிறார்கள்.

பழைய கை:

ஆக்ஸ்பர்க்கில் கொண்டுபோய் வைக்கிற டாட்சிக்கு ஸ்ட்ராய்சல் வேண்டாம் தம்பி. அங்கே பழம் தெரிய வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஈஸ்ட் மாவு பிசையட்டும், பத்து மணிக்கு ஆறிய தட்டோடு போகலாம்.

லெஷ் ஆற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. சந்தையில் விவசாயி ஒருவரிடம் ஹவுஸ்ஸ்வெட்ஷ்கன் 2 கிலோ வாங்கினேன், அந்த வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. அய்யா சொன்னபடி ரவை, பட்டைச் சர்க்கரை கடைசியில், ஸ்ட்ராய்சல் இல்லை. சாறு பழத்துக்குள்ளேயே பாகு மாதிரி நின்றது. காலை ஐந்து மணிக்கு எழுந்தது வீண்போகவில்லை, பள்ளியில் ட்ரே பதினொன்றரைக்கே காலி. முன்னாலேயே ஒரு துண்டு எடுத்து வைத்துக் கீழ்வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கியதும் அடியைத் திருப்பிப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார், பிறகுதான் வாயில் வைத்தார்.