ஹோண்டா 400 இஎக்ஸ் குவாடுக்கு எந்த கேம்ஷாஃப்ட் சரி?

வணக்கம் நண்பர்களே. வண்டி ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 இஎக்ஸ், நான்கு சக்கரக் காட்டு வண்டி (குவாடு). இதன் கேம்ஷாஃப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டை (சுருக்கமாகக் கேம்), மாற்றப் போகிறேன். 397 சிசி, ஏர் கூல்டு, ஒற்றை கேம். கம்பெனி பிஸ்டன்தான், கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்) 9.1:1. ஓட்டுவது காட்டுப் பாதையில், அதனால் கீழ், நடு ஆர்பிஎம்மில் இழுவை முக்கியம். ஹாட் கேம்ஸ் கம்பெனியின் மிதமான ஸ்டேஜ் 1 கேம் போதும் என்று நினைக்கிறேன். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) கூடிய கேமில் இன்டேக் வால்வு, அதாவது கலவை உள்ளே வரும் வால்வு, தாமதமாக மூடும். இந்தக் கம்ப்ரெஷனில் கீழ் இழுவை செத்துவிடும்.

ராக்கர் ஆர்ம் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) முகத்தில் சிறு குழிகள், தடவினால் நகம் மாட்டுகிறது. புதுக் கேமைத் தின்றுவிடும் என்பதால் அதையும் மாற்றுகிறேன். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி பார்ப்பேன்: இன்டேக் 1 மி.மீ., எக்ஸாஸ்ட் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

பழைய வால்வு ஸ்பிரிங்கே தாங்குமா? செல்ஃப் ஸ்டார்ட் சிரமப்படுமா? 38 மி.மீ. கார்புரேட்டரில் மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) எவ்வளவு ஏற்றினீர்கள்? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.