ஆற்காட்டு மண்ணில் போரிட்ட தளபதிகளில் சிறந்தவர் யார்?

வேலூர்க்காரன்:
1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைச் சுமார் 50 நாள் காத்த ராபர்ட் கிளைவை உலகப் பெருந்தளபதிகளின் வரிசையில் வைக்கிறார்கள். நம் வட ஆற்காட்டில் போரிட்டவர்களில் அந்த இடத்துக்கு உரியவர் அவர் ஒருவர்தானா?

ராணிப்பேட்டை வாசகர்:
கிளைவின் துணிவை மறுக்க முடியாது. ஏறத்தாழ 500 வீரர்களுடன்தான் சென்னையிலிருந்து வந்தார். ஆயினும் என் தேர்வு ஹைதர் அலியே. 1780-இல் ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்த அவர், ஆங்கிலத் தளபதிகளான பெய்லியின் படையும் மன்ரோவின் படையும் ஒன்றுசேர முயல்வதை அறிந்ததும் முற்றுகையை விட்டு நகர்ந்து, மகன் திப்புவைப் பெய்லிக்கு எதிராக அனுப்பி, செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியை வளைத்து முறியடித்தார். சில மைல் தொலைவில் இருந்த மன்ரோ உதவிக்கு வந்துசேரவே இல்லை. எதிரிப் படைகளைச் சேரவிடாமல் பிரித்து அடிக்கும் இதே அணுகுமுறைதான் 1796-இல் இத்தாலியில் நெப்போலியனுக்குப் புகழ் தந்தது. பின்னர் ஆற்காடும் ஹைதர் வசமாயிற்று.

ஆம்பூர் ஆசிரியர்:
ஐயா சொல்வது சரியே. எனினும், 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டையும் மறக்கலாகாது. வேலூர்க் கோட்டை ஹைதரிடம் விழாமல் நின்றதற்கு, பசியில் தவித்த காவற்படைக்கு அவர் தானியம் கொண்டுசேர்த்தது முக்கியக் காரணம்.

வேலூர்க்காரன்:
மிக்க நன்றி, ஐயா. தானியம் கொண்டுசேர்ப்பதையும் தளபதியின் திறமையாக நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.