நிலவேம்பில் ஆண்ட்ரோகிராபோலைடு பிரித்தெடுத்தவர்களின் அனுபவங்கள்

மருந்தாக்கவியல் ஆய்வு மாணவி:
கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராபோலைடைப் பிரிக்க, மெத்தனால் என்ற கரைப்பானில் இறக்கிய நிலவேம்புச் சாற்றைச் சுண்டவைத்தால் கரும்பச்சைப் பிசின்தான் மிஞ்சும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நிறத்தை உறிஞ்சும் செயலூட்டிய கரியைச் சிறிதளவு போட்டு, சூட்டோடு வடிகட்டிக் குளிரவைத்தபோது, குடுவையின் அடியில் வெளிர்மஞ்சள் படிகங்கள் தகடு தகடாக ஒட்டியிருந்தன. அடுத்த முறை, பச்சை நிறம் முழுவதும் போக வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதால் கரியைக் கூட்டினோம். கரைசல் தெளிந்தது, படிகம் விழவே இல்லை. வடிதாளில் தங்கிய அந்தக் கரியைச் சூடான மெத்தனாலில் கழுவி, கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றினேன். 223 நானோமீட்டர் அலைநீளத்தில், ஆண்ட்ரோகிராபோலைடு வர வேண்டிய இடத்தில், முகடு நெட்டுக்குத்தாக எழுந்தது. பச்சையத்தோடு நமக்கு வேண்டிய பொருளையும் கரி பிடித்து வைத்திருந்தது. கரியை எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்?

சாறு ஆலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு:
கரியைப் பற்றிக் கேட்பதற்கு முன் இலையைப் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு லோடில் மேல்மூட்டைகள் நல்ல இலையாக இருந்தன. அடிமூட்டை ஒன்றைக் கிழித்துத் தார்ப்பாயில் கொட்டியபோது, விளக்குமாற்றுக் குச்சிகளைப் போல நாற்கோணத் தண்டுகள் மட்டுமே சரிந்து விழுந்தன. கொண்டுவந்த வியாபாரி ஒரு குச்சியை முறித்து நீட்டி, "மென்னு பாருங்க சார், கசப்பு அப்படியே இருக்கு" என்றார். கசந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே நாக்கைக் கசக்கவைத்துவிடும் என்பதால், இலையில் இருப்பதைவிடத் தண்டில் எவ்வளவு குறைவு என்பதை நாக்கு ஒருபோதும் சொல்லாது. தண்ணீரிலும் இது அரிதாகவே கரையும் என்பதால், கஷாயம் வைப்பவர்கள் பெரும்பகுதியைச் சக்கையோடு கொட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

சித்த மருத்துவர்:
கடைசி வரியை என்னால் ஏற்க இயலாது. நிலவேம்புக் குடிநீர் என்பது வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு. ஒற்றைச் சேர்மத்தைப் பிரிப்பது அதன் நோக்கமே அன்று. கொதிநீரில் ஆண்ட்ரோகிராபோலைடு ஓரளவு இறங்கவும் செய்கிறது.

மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்த செடியை வாங்கி, நிழலில் உலர்த்தி, தண்டை நீக்குங்கள். மாவாக அரைக்காமல் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மாவு வடிதாளை அடைத்துவிடும். தனி மெத்தனாலுக்குப் பதிலாக நீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்தால் பச்சையம் குறைவாக இறங்கும், அதனால் கரியின் தேவையும் குறையும். கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில், மிதமான சூட்டில் ஆவியாக்குங்கள். காரத்தன்மை மட்டும் எங்கும் சேரக் கூடாது. ஆண்ட்ரோகிராபோலைடு மூலக்கூறிலுள்ள லாக்டோன் என்ற வளைய அமைப்பு காரத்தில் திறந்துகொள்ளும்.

மருந்தாக்கவியல் ஆய்வு மாணவி:
நன்றி ஐயா. எங்கள் துறையின் கிடங்கில் இருப்பது நாள்பட்ட சருகு. அதன் சாற்றில் 250 நானோமீட்டர் அருகே ஆண்ட்ரோகிராபோலைடு உருமாறி உண்டாகும் டீஹைட்ரோ வகையின் முகடு பெரிதாகத் தெரிகிறது. சேமிப்பின்போதே சேர்மம் உருமாறிவிட்ட இலையில் கரைப்பானை மாற்றிப் பயன் இல்லை என்பதால், புதிதாக அறுத்த இலைக்குச் சொல்லியிருக்கிறேன்.