புதுப்பிப்பு: மேடவாக்கம் ஃபிளாட், வில்லங்கச் சான்றில் நின்ற பழைய அடமானம் தீர்ந்தது

சென்னை மேடவாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறேன், உரிமையாளர் கடனை அடைத்துவிட்டேன் என்கிறார், ஆனால் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று) 2014 அடமானம் அப்படியே நிற்கிறது, வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன வாரம் கிரயப் பத்திரம் பதிந்தாயிற்று.

கைகொடுத்தது, ரசீது ஆவணம் (கடன் அடைந்தது என்று வங்கி எழுதிக் கொடுப்பது) பதியச் சொன்னவரின் யோசனைதான். வங்கி கொடுத்த கடன் முடிப்புக் கடிதம் உரிமையாளரிடம் இருந்தது, ஆனால் அதை வைத்து மட்டும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் எதுவும் மாறாது; வங்கித் தரப்பில் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு ரசீதைப் பதிந்த பிறகுதான் புதுச் சான்றில் ஏறியது. அதுவரை முன்பணத்துக்கு மேல் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

எதிர்பார்க்காத ஒன்று: பழைய அடமான வரி சான்றிலிருந்து மறையவில்லை, அதன் கூடவே ரசீதும் வருகிறது. முதலில் பயந்துவிட்டேன், அது அப்படித்தான் வருமாம். என் வங்கியும் ஏற்றுக்கொண்டது.

செலவு கேட்டவருக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்.

அப்புறம் மழை வெள்ளத் தண்ணீர் விஷயம். தரகரிடம் கேட்காமல் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டேன். 2015, 2023 இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கூட்டிப்போய்க் காட்டினார்.